ஈயக்கல்லின் எட்டாவது மூலை

கல்லைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அரிசிக்குள் கிடக்கும் கல்லைச் சொல்லவில்லை. அதைப் பொறுக்கி எறிந்துவிடலாம். நான் சொல்வது, வடதுருவத்துக்குக் கிட்டப் பனிக்கடியில் வெட்டி எடுக்கப்பட்டு, பாதி உலகம் சுற்றி, கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்தில் என் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்த கல்லை.

என் மகளுக்கு முதற் பல் வெள்ளையாகத் தெரிந்த நேரம் அது. என் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை செய்தார். விடுமுறையில் வருகிறார் என்று தெரிந்ததும், பல் முளைத்ததற்குச் செய்யும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கை அவர் வரும்வரை தள்ளிவைத்தோம். தாய்மாமன் வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்றால் தங்கம் வருகிறது என்று பொருள். மாமி, அதாவது இவருடைய (என் கணவருடைய) தாய், சங்கிலியா காப்பா என்பதுவரை அயலில் பேசி முடித்திருந்தார்.

அண்ணன் பிஸ்கற் ரின்னோடு வந்தார். திறந்தால் உள்ளே கல்.

அவருடைய கப்பல் ஒரு சுரங்கத்திலிருந்து ஈயமும் நாகமும் (துத்தநாகம்) ஏற்றப் போனதாம். கோடையில் கடல் உருகும் சில கிழமைகள் மட்டும்தான் அங்கே கப்பல் போகலாம். சுரங்கத்தில் வேலை செய்பவர்களிடம் சிகரெட் கொடுத்து வாங்கிய கற்களாம். ஒவ்வொன்றாகக் கடதாசியைப் பிரித்துக் காட்டினார். மண்ணிறத்தில் மினுங்கியது நாகம் எடுக்கிற கல். மஞ்சளாய்ப் பளபளத்தது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. கற்கண்டு போல வெள்ளையாக ஒன்று. கடைசியாக ஈயக்கல்: சாம்பல் வெள்ளி நிறம், தீப்பெட்டியில் பாதி அளவு, சீவி எடுத்தது போல் சரியான சதுரக்கட்டி. அதைத் துடைத்து வைத்தவள் நான். எட்டு மூலையும் உள்ளங்கையில் குத்தின. (இதை நினைவில் வைத்திருங்கள். பிறகு ஒருவரும் என்னை நம்பவில்லை.)

"தங்கம் கிளிநொச்சியிலயும் வாங்கலாம். இது எங்க வாங்குவாய்?" என்றார் அண்ணன்.

மாமி எழும்பினார். "கண்டறியாத கல்லு" என்று குசினிக்குள் போய்ச் சொன்னார், கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி. எனக்கு அண்ணனில் கோபம், மாமியில் அதைவிடக் கோபம். இரண்டையும் விழுங்கிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன்.

கொழுக்கட்டை நாளன்று பிள்ளையை இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத்துணி பிடித்து, குட்டிக் கொழுக்கட்டைகளை அதன்மேல் கொட்டினோம். முன்னால் தட்டு. புத்தகம், பேனை, கத்தி, நெல், என் மோதிரம். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். அண்ணன் தன் பங்குக்கு ஈயக்கல்லையும் தட்டில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாமி வீட்டுச் சனத்துக்கு முன்னால் என் ஒரே அண்ணனை எப்படி மறிப்பது?

பிள்ளை புத்தகத்தைப் பார்க்கவில்லை. நேரே கல்லை இரண்டு கையாலும் தூக்கி வாய்க்குள் வைத்தாள்.

சபை சிரித்தது. நான் உயர்தரத்தில் இரசாயனம் படித்தவள். (பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை, அந்தக் கோபம் வேறு.) ஈயம் நஞ்சு என்று எனக்குத் தெரியும். பாய்ந்த பாய்ச்சலில் தட்டு கவிழ்ந்தது, கொழுக்கட்டை உருண்டது, ஒரு பெரியவர் அதை மிதித்துச் சறுக்கினார். கல்லைப் பறித்துப் பார்த்தேன். ஒரு மூலை இல்லை.

"மூலையைக் காணேல்ல. பிள்ளை விழுங்கிப்போட்டுது."

"இஞ்சாரும், முதலே இல்லாமலிருந்திருக்கும்," என்றார் இவர், கொழுக்கட்டை மென்றபடி.

அண்ணன் விடவில்லை. தான் கொண்டுவந்த கல்லில் கீறல்கூட இல்லை என்றார். அப்படியானால் மூலை எங்கே? ஒரே ஒரு பல் வைத்திருக்கிற பிள்ளை கல்லைக் கடிக்குமா என்று ஒரு பெண் கேட்டார். ஏன் கடிக்காது, மாமனுடைய கல் அவ்வளவு திறமான கல்லாக்கும் என்றார் இன்னொருவர். மாமி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. நிலத்தில் கிடந்த கொழுக்கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏறினோம். நானும் பிள்ளையும் போதும். ஆனால் விருந்துக்கு வந்த சனத்தில் பாதி கூட ஏறியது. பட்டுச்சேலையோடு கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் இறங்கினால், கலியாண வீடு வழிதவறி வந்தது போல் பார்த்தார்கள். டாக்குத்தர் வயதில் இளையவர். பிள்ளையின் வாயைப் பார்த்தார், வயிற்றை அமத்தினார். பிள்ளை அவருடைய விரலைப் பிடித்துச் சிரித்தாள். விழுங்கியிருந்தால் வெளியே வரும், துணியைக் கவனமாகப் பாருங்கள், சத்தி எடுத்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றார். பிறகு, "உண்மையா மூலை இருந்ததோ அம்மா?" என்று கேட்டார்.

இருந்தது என்றேன். இருந்ததா என்று எனக்குள்ளேயே கேட்கத் தொடங்கியது அந்த நேரம்தான்.

அதன்பின் என் வேலை கிணற்றடியில். பிள்ளையின் துணி ஒவ்வொன்றையும் தண்ணீரில் அலசி, தேத்தண்ணி வடியில் வடித்தேன். (அந்த வடியைப் பிறகு எறிந்துவிட்டேன். பயப்பட வேண்டாம்.) ஒரு முறை ஏதோ கறுப்பாகக் கிடைத்தது, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எள்ளு. இரவில் பிள்ளையின் மூச்சை எண்ணினேன். மூலை இருந்ததாக நினைப்பது என் பயப்பித்தோ என்றும் யோசித்தேன். இவர் அப்படித்தான் சொன்னார், நித்திரைக்குப் போகுமுன் தவறாமல்.

ஒரு காலை, வடியோடு குந்தியிருக்கையில், சந்தியில் நகைப்பட்டறை வைத்திருந்த பத்தர் சைக்கிளில் வந்து இறங்கினார். முகம் சரியில்லை. மாமியிடம் ஒரு கடதாசிப் பொட்டலத்தை நீட்டினார்.

"இந்தாங்கோ அக்கா, உங்கட வெள்ளி. இது வெள்ளியும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. நெருப்பில வைச்சு ஊதினன், பட்டறை முழுக்கக் கந்தக நாத்தம். மூக்குத்திக்கு வந்த சனம் எழும்பிப் போட்டுது."

ஈரக் கையோடு போய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு சாம்பல் துண்டு, பாதி கருகியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஈயக்கல்லை எடுத்துவந்து, கருகாத பக்கத்தை அதில் வைத்தேன். மூடி போல் பொருந்தியது.

மஞ்சள் கல்லை மாமி நம்பவில்லையாம். பொன் என்றால் என் அண்ணன் ரின்னுக்குள் போட்டுத் திரிவாரா என்று கணக்குப் பார்த்திருக்கிறார். ஆனால் சாம்பல் கல்லின் பாரம் அவரை உறுத்தியிருக்கிறது. கொழுக்கட்டைக்கு முதல்நாள், பாக்குவெட்டியால் மூலையை வெட்டிப் பத்தருக்கு அனுப்பிவிட்டார்.

"வெள்ளியெண்டால் பிள்ளைக்கு ஒரு காப்புச் செய்யலாமெண்டுதான்," என்றார்.

"அப்ப நாங்கள் மெசினில ஏறேக்க ஏன் மாமி சொல்லேல்ல?"

"சம்பந்தி வீட்டுக் கல்லைக் களவாய் வெட்டினனெண்டு அத்தினை சனத்துக்கு முன்னால சொல்லச் சொல்லுறியோ பிள்ளை?"

திரும்பிக் கிணற்றடிக்குப் போனேன். அலசிய துணியைப் பிழிந்தேன். அது நெடுக்காகக் கிழிந்தது.

அண்ணனுக்குச் செய்தி சொன்னதும், "பாக்குவெட்டியாலயோ? பாத்தியே, எப்பிடி வெட்டினாலும் சதுரம் சதுரமாத்தான் உடையும்," என்று பெருமைப்பட்டார். இவரோ, "பிள்ளை விழுங்கேல்லையெண்டு நான் முதலே சொன்னனான்தானே," என்றார். மூலை இருந்தது என்று முதலே சொன்னவள் நான். அதை ஒருவரும் நினைவில் வைக்கவில்லை. சனம் கதைக்கிற கதையில், தேத்தண்ணி வடியோடு கிணற்றடியில் இருந்த விசரி மட்டும்தான் மிச்சம். அதை எல்லோரையும்விட நன்றாக நடித்துக் காட்டுபவர் மாமி.

இந்த வருடம், அடுத்துப் பிறந்த மகனுக்குப் பல் முளைத்தது. தட்டு வந்ததும் பிள்ளையை நான் மடியிலிருந்து இறக்கவில்லை. மாமி ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டி, சபை கேட்கச் சொல்ல வேண்டும் என்றேன். முதலில் முறைத்தார். நான் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"புத்தகம், முழுசு. பேனை, முழுசு. கத்தி, முழுசு."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இப்போது துணுக்காயில் இருக்கும் மச்சாள் (இவருடைய தங்கை) வீட்டிலும் அப்படிச் சொல்லித்தான் பிள்ளையை இருத்துகிறார்கள். அது ஏதோ பழைய முறை என்று அங்கே பலர் நினைக்கிறார்கள். எல்லோருக்கும் அது நல்ல பகிடி. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நெல்லையும் முழுசு என்று சொல்லும்வரை மாமியை நான் விடவுமில்லை.