தாழ்மைக்கு நூற்றுக்கு நூறு

மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் நிற்கும். ‘அனைத்துலகச் சீஷத்துவ மற்றும் மிஷனெரிப் பயிற்சி மையம்’ என்று மொட்டை மாடியில் பலகை. பலகை ரொம்பப் பெரிது. கடலுக்குப் போன படகுகள் அதைப் பார்த்துத்தான் கரை திரும்புகின்றன. அந்த மையத்தால் இதுவரை வழி தெரிந்தவர்கள் அந்தப் படகுக்காரர்கள் மட்டும்தான் என்று பக்கத்துக் குப்பத்தில் சிலர் சொல்வது வெறும் வயிற்றெரிச்சல். அதை நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நம் ஜெயக்குமார் கூடுவாஞ்சேரிக்காரன். ஷேர் ஆட்டோ ஓட்டினவன். நல்ல குரல், நல்ல மனசு, நல்ல பசி. ஒரு கிறிஸ்துமஸ் சமயம் சபையாரோடு அந்தக் குப்பத்துக்குப் பாட வந்தான். குப்பத்தில் பெரும்பாலும் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஏழெட்டுக் குடும்பம் மட்டும் ஒரு தகரக் கொட்டகையில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த ஊழியக்காரர் தள்ளாமையால் செங்கல்பட்டில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீன்காரப் பெண்கள் பாயை விரித்து வைத்துவிட்டு, யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். ஜெயக்குமார் அந்தப் பாயில் உட்கார்ந்து பாடினான். அவர்கள் அழுதார்கள். அவனும் அழுதான். அவ்வளவுதான், ஆள் அங்கேயே விழுந்துவிட்டான்.

ஆட்டோவை மச்சானிடம் தள்ளிவிட்டு, நேராக ஊழியத் தலைமை அலுவலகத்துக்குப் போய் நின்றான்.

“என்னை அந்தக் குப்பத்துக்கு அனுப்பிடுங்க சார்.”

“அனுப்பலாம். பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா?”

“பாயி விரிச்சு வெச்சிகினு கீறாங்க சார்.”

“பாய் இருக்கட்டும். சான்றிதழ் இல்லாதவர் அந்தப் பாயில் உட்கார விதியில் இடமில்லை, பிரதர்.”

விதியில் இடமில்லாத பாயில் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டோமே என்று ஜெயக்குமாருக்குப் பக்கென்றது. அதே வாரம் பயிற்சி மையத்தில் சேர்ந்தான்.

மையத்தின் இயக்குநர் ரெவரெண்ட் டாக்டர் பவுல் சதாசிவம் லேசுப்பட்டவர் அல்ல. ‘தாழ்மையில் நான் எட்டிய உயரங்கள்’ என்று ஒரு புத்தகமே எழுதியவர். பயிற்சியாளர் எல்லோருக்கும் முதுகில் ‘ஊழியக்காரன்’ என்று அச்சடித்த பனியன் கொடுத்தார். அவருடைய பனியனிலும் அதேதான். எழுத்து மட்டும் ஜரிகை.

பாடங்களில் ‘சிலுவை சுமத்தல்’ இரண்டு கிரெடிட். ‘கண்ணீர்’ ஒரு கிரெடிட், விருப்பப் பாடம். ‘தாழ்மை’ நாலு கிரெடிட், கட்டாயப் பாடம். அதில் தவறினால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் குப்பம் கிடையாது. ஜெயக்குமாரின் உயிர் அந்த நாலு கிரெடிட்டில் ஊசலாடிற்று.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை வந்தது. ‘பிந்தினோரே முந்துவர் என்பது வேதம் உரைத்த உண்மையாகையால், பயிற்சியாளர்களின் தாழ்மை இனி மதிய உணவு வரிசையில் அளக்கப்படும். வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு முழு மதிப்பெண். முன்னே வர வர மதிப்பெண் குறையும். முதலாவதாக நிற்பவருக்கு மதிப்பெண் ஏதுமில்லை. இதனால் யாவரும் அறிக.’

அன்று மத்தியானம் மீன் குழம்பு. சமையல் தனக்கோடி. அதே குப்பத்துக்காரி, பாய் விரித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் ஒருத்தி. மூடியைத் திறந்தாள். வாசனை மாடி வரைக்கும் ஏறியது. மிஸ் ஜெனிட்டா, தாழ்மை மதிப்பீட்டு அலுவலர், கையில் டேப்லெட்டோடு வந்து நின்றாள். அண்டா பக்கம் ஒருத்தரும் வரவில்லை.

“பிரதர், நீங்க முன்னாடி.”

“ஐயோ, நான் எம்மாத்திரம் பிரதர்? நீங்க போங்க.”

“நான் உங்க கால் தூசி பிரதர்.”

“அப்ப தூசி முன்னாடி போகட்டும் பிரதர்!”

முதலில் நின்றவன் நைசாகக் கழன்று கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றான். உடனே அடுத்தவன் முதலாள் ஆகிவிட்டான். அவன் சும்மா இருப்பானா? அவனும் கழன்று பின்னால் ஓடினான். இப்படி ஒவ்வொருவனாகப் பின்னால் போகப் போக, வரிசை முழுசும் பின்பக்கமாகவே நகர்ந்தது. சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, வெளிக் கதவைத் தாண்டி மணலில் இறங்கியது. கடைசியில் தீனா என்கிற பயிற்சியாளன் இடுப்பளவு தண்ணீரில் தட்டோடு நின்றான். அதற்குப் பின்னால் போக நீச்சல் தெரிய வேண்டும். அந்தக் கிரெடிட் பாடத்திட்டத்தில் இல்லை.

தனக்கோடி கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள்.

“யோவ், இன்னாய்யா இது? சோறு இங்க கீது, நீங்க கடலுக்குப் போய்கினு கீறீங்க? கொழம்பு ஆறிப் போவுதுய்யா!”

மாடியிலிருந்து பார்த்த டாக்டர் சதாசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “என்ன ஓர் எழுப்புதல்!” என்று செல்போனில் படமெடுத்து வெளிநாட்டுக் காணிக்கையாளர்களுக்கு அனுப்பினார். கடலில் நிற்பது ஞானஸ்நானம் என்று நினைத்து அங்கிருந்து வாழ்த்து வந்ததாகக் கேள்வி.

அடுத்தடுத்த நாளும் இதே கூத்துதான். குப்பத்து நாய்களுக்கெல்லாம் கழுத்தில் சதை போட்டுவிட்டது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். ஜெயக்குமாருக்குத் தாழ்மை மார்க்கு பதினொன்றாவதாகப் பறந்தது. வஞ்சிரம் போட்ட ஒருநாள், அவன் தட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய் அண்டாவுக்கு முன்னால் நின்றான்.

“பிரதர், தெரிந்துதான் நிற்கிறீர்களா?” என்றாள் ஜெனிட்டா.

“தெரிஞ்சுதான் சிஸ்டர். வஞ்சிரம்.”

“சைபர்” என்று குறித்துக்கொண்டாள்.

“தல துண்டு போடுக்கா” என்றான் ஜெயக்குமார்.

முதலாள் என்று ஒருத்தன் கிடைத்துவிட்டதால் அன்றைக்குத்தான் வரிசை வரிசையாக நின்றது. கடைசி இடத்துக்குத் தள்ளுமுள்ளு இருந்தாலும் எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, ஜெயக்குமாரைப் பிடித்த பெருமையின் ஆவி விலகும்படி கூட்டமாக ஜெபம் பண்ணினார்கள். ஜெபம் முடிந்ததும், “நாளைக்கும் வந்துடுங்க பிரதர்” என்றார்கள்.

நாள் தவறாமல் சைபர். தனக்கோடிக்குக் கவலை வந்துவிட்டது. “இப்டியே முட்ட வாங்கிகினு இருந்தா நீ எப்ப தம்பி எங்க வூட்டாண்ட வர்றது? அந்தப் பாயி கரையான் அரிச்சிரும் போல கீது.”

அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியில் போய் நின்றான். வேறென்ன நடக்கும்? முதலாள் இல்லை. வரிசை பழையபடி கடலுக்குப் போனது. சோறு நாய்க்குப் போனது. வரிசை நிலைக்காததால் ஜெனிட்டா வழக்கம்போல யாருக்கும் மதிப்பெண் குறிக்கவில்லை. அன்று சாயங்காலம் மொத்தப் பேரும் அவன் அறை வாசலில் வந்து நின்றார்கள். தீனாவின் கால்சட்டையில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“பிரதர், எங்க மேல இரக்கம் காட்டுங்க. நீங்கதான் முன்னாடி நிக்கணும்.”

“அப்ப என் மார்க்கு?”

“உங்களுக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம் பிரதர்.”

“நீங்க பட்டினி கிடக்கக் கூடாதுன்னுதான்யா என்னை முன்னாடி நிக்கச் சொல்றீங்க!”

அது வேறு உபவாசம், இது வேறு உபவாசம் என்று அவர்கள் விளக்கினார்கள். அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் ஈரக் கால்சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்த தீனாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று ஒத்துக்கொண்டான். அன்று படுக்கையில் அந்தப் பாயை நினைத்துக் கொஞ்சம் அழுதான். அதற்கு ஒரு கிரெடிட் உண்டு என்பது அவனுக்கு அப்போது ஞாபகமில்லை.

பயிற்சி முடியும் தறுவாயில் மதிப்பீட்டுக் குழு கூடியது. ஜெனிட்டா எழுந்து, “ஜெயக்குமார், தாழ்மை, மொத்தம் சைபர்” என்று வாசித்தாள். மையத்தின் சரித்திரத்திலேயே இவ்வளவு தாழ்ந்த மதிப்பெண்ணை யாரும் எடுத்ததில்லை. டாக்டர் சதாசிவம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிரதர், ஏன் தினமும் முதலில் நின்றீர்?”

“பசி சார்.”

டாக்டர் கண்ணை மூடினார். “பசி! கேட்டீர்களா? ஆத்துமாக்களின் மேல் பசி.”

“இல்ல சார். வயித்துப் பசி.”

“பார்த்தீர்களா! அதைக்கூட எப்படி மறைக்கிறார்!” டாக்டர் குழுவின் பக்கம் திரும்பினார். “மற்றவர்கள் உண்ண வேண்டும் என்று தன் மதிப்பெண்ணையே பலியாகக் கொடுத்திருக்கிறார். இவ்வளவு தாழ்ந்த மதிப்பெண் எடுக்க எவ்வளவு தாழ்மை வேண்டும்!”

“சார், சத்தியமா வஞ்சிரத்துக்காகத்தான்…”

“போதும் பிரதர். இதற்கு மேல் தாழ்ந்தால் எங்களிடம் மதிப்பெண் இல்லை.”

நூற்றுக்கு நூறு போட்டார்கள். அத்தோடு ஒரு திருத்தச் சுற்றறிக்கையும் வந்தது. ‘முதலில் நிற்பதே மெய்யான தாழ்மை என்று தெளிவாகிவிட்டதால், இனி முதலாவதாக நிற்பவருக்கே முழு மதிப்பெண்.’

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே சாப்பாட்டுக் கூடத்தின் கதவு கழன்று விழுந்தது. சாம்பார் ஒரு பக்கம், ரசம் ஒரு பக்கம். தீனா மூன்று பேர் தோள்மேல் ஏறி வந்து அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “நான்தான் பிரதர் தாழ்மை! நான்தான் தாழ்மை!” என்று அலறினான். தனக்கோடி மேஜைமேல் ஏறிக் கரண்டியைச் சுழற்றினாள்.

“அன்னிக்கெல்லாம் வா வான்னு கூவுனேன், ஒருத்தனும் வரல. இன்னிக்கு இன்னாடான்னா அண்டாவுக்குள்ளயே குதிக்கிறீங்க! பேஜாரு புடிச்சவங்களா!”

பட்டமளிப்பு விழா தடபுடலாக நடந்தது. மேடையில் நடு நாற்காலி யாருக்கு என்பதில் மூன்று போதகர்களுக்குள் ஒரு சின்ன மனத்தாங்கல். அதைத் தவிர எல்லாம் சுபம். ஜெயக்குமார் கழுத்தில் தங்கமுலாம் பதக்கம் விழுந்தது. பதக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே டாக்டர் சதாசிவத்திடம் ஓடினான்.

“சார், குப்பத்துக்கு ஆர்டரு?”

டாக்டர் திடுக்கிட்டார். “நூற்றுக்கு நூறு வாங்கின உங்களையா? அந்தத் தகரக் கொட்டகைக்கா? அவ்வளவு சின்ன இடம் இவ்வளவு பெரிய தாழ்மையைத் தாங்குமா? அங்கெல்லாம் பாதி மார்க்குக்குக் கீழே வாங்கினவர்கள்தான் போக வேண்டும் என்று விதி.”

“பாதிக்குக் கீழ வாங்குனா ஃபெயிலாச்சே சார்?”

“ஆமாம்.”

“ஃபெயிலானவங்களுக்கு ஆர்டரு கெடையாதே சார்?”

“அதுவும் விதிதான்” என்றார் டாக்டர், பெருமிதத்தோடு.

ஜெயக்குமாரை மையத்திலேயே தாழ்மைத் துறைத் தலைவராகப் போட்டார்கள். ஏசி அறை, சுழல் நாற்காலி, கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை. ஆரம்பத்தில் அவனுக்கு அழுகையாக வந்தது. ஒரு வாரம் நாற்காலியில் உட்காராமல் ஓரமாக நின்றே வேலை பார்த்தான். பயிற்சியாளர்களோடு வரிசையில் நிற்கப் போனான்; துறைத் தலைவர் நின்றால் மதிப்பெண் கணக்குக் குழம்புகிறது என்று ஜெனிட்டா திருப்பி அனுப்பிவிட்டாள். சாப்பாடு அறைக்கே வந்தது. முதலில் தனக்கோடி, “இந்தா தம்பி” என்று வைத்தாள். அப்புறம், “சாப்பிடுங்க தம்பி” என்றாள். பெயர்ப்பலகையைத் துடைக்க ஆள் போட்ட பிறகு, “சார்” ஆகிவிட்டான். தலைத்துண்டு மட்டும் தவறாமல் வந்தது. நாற்காலியும் நாளாக நாளாக இடுப்புக்குப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பத்துக்குப் போகலாம் என்றுதான் இருந்தான். ஆனால் தாழ்மைக் கருத்தரங்கம் என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். மாலை, சால்வை, கார். தட்ட முடியுமா?

“இந்த ஞாயித்துக்கெழமயாவது வருவீங்களா சார்?” என்று தனக்கோடி தட்டை வைக்கும்போதெல்லாம் கேட்பாள். “பாயி விரிச்சு வெச்சிகினு கீறோம்.”

“வரணும்க்கா. நெஞ்சுல பாரமாவே கீது” என்பான். பொய் இல்லை, பாரம் இருக்கத்தான் செய்தது. ஒருநாள் அது தாங்க முடியாமல், ஒரு கருத்தரங்கத்தையே தள்ளிவைத்துவிட்டுக் குப்பத்துக்குக் கிளம்பினான். வழியெல்லாம் அந்தப் பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனான்.

தகரக் கொட்டகை வாசலில் அவன் படம் போட்ட பேனர். உள்ளே நடுநாயகமாக ஒரு சிவப்பு சோபா. திருக்கழுக்குன்றத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்து, மீன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். லேசாகக் கவிச்சி அடித்தது. ஏழெட்டுக் குடும்பமும் புதுத்துணி கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றது. ஜெயக்குமார் சுற்றுமுற்றும் பார்த்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள்.

“பாயி எதுக்குக்கா சுருட்டிட்டீங்க? விரிங்க, நான் அதுல குந்திக்கிறேன்.”

தனக்கோடி பதறிப்போனாள். “ஐயய்யோ, நூத்துக்கு நூறு வாங்குன நீங்க போயி பாயில குந்தறதாவது! நாலு பேரு பாத்தா எங்களுக்கில்ல கேவலம்! மேல குந்துங்க சார்.”

“குந்துங்க சார், குந்துங்க சார்” என்று எல்லோரும் கெஞ்சினார்கள். இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்து உட்காரவே வைத்துவிட்டார்கள். ஜெயக்குமார் இன்னொரு தடவை மூலையைப் பார்த்தான். எழுந்து போய் அந்தப் பாயைத் தானே விரித்திருக்கலாம்தான். சோபா மெத்துமெத்தென்று இருந்தது.

அன்று அவன் பாடவில்லை. நேரமில்லை. தாழ்மையின் ஏழு படிகளைப் பற்றி நெடுநேரம் பேசினான். யாரும் அழவில்லை. நன்றாகக் கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்து சாப்பாடு. வஞ்சிரக் குழம்பு. தனக்கோடி மூடியைத் திறந்தாள். யார் முதலில் சாப்பிடுவது என்பதில் அங்கே ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை, ஜெயக்குமார் உட்பட.