ஏழாவது குரோக்கெட்டா

லெயோன்,
ஞாயிறு காலை.

மதிப்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய கசில்தா அக்காவுக்கு, தம்பி ஹசிந்தோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீங்களும் அத்தானும் அவருடைய இருமலும் சௌக்கியம்தானே?

"அறுபத்தேழு வயசுல உனக்குக் கல்யாணம் ஒரு கேடா? அந்த மருந்துக்கடை ஒப்துலியாகிட்ட அப்படி என்னத்தைக் கண்டே?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நேற்று மதியம் கண்டேன் அக்கா. இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

கல்யாணத்துக்குக் கேட்டே விடுவது என்று அவளை ஃபெர்மினுடைய ஒயின் கடைக்குக் கூட்டிப்போனேன். நிற்க இடமில்லை, தரையெல்லாம் தின்றவர்கள் கை துடைத்துக் கசக்கிப் போட்ட காகிதங்கள், அவ்வளவு கூட்டம் வருகிற நல்ல கடை. ஒயினோடு சும்மா வருகிற ரத்தப் பொரியல் போதாதென்று, மரியாதைக்காக ஒரு தட்டு பன்றிக்கறி வைத்துப் பொரித்த குரோக்கெட்டாவும் சொன்னேன். ஃபெர்மின் ஏழு உருண்டை வைத்தான். இரண்டு பேருக்கு ஏழு! பாவி, எப்போதும் ஒற்றைப்படையில்தான் வைப்பான். நான் பதற்றத்தில் ரயில்வேயில் சிக்னல் பார்த்த கதையெல்லாம் அளந்துகொண்டே இருந்து, குனிந்து பார்த்தால் தட்டில் ஒன்றே ஒன்று. எடுத்தால் மானம் போகும் என்று யாரும் தொடாத வெட்கத் துண்டு! நம்ம வீட்டுல கடைசித் துண்டை யாராவது தொட்டிருக்கோமா? அப்பா செத்த அன்னைக்கு மிஞ்சின ஒத்தைக் கணவாய் வளையத்தை மூணு நாள் வச்சிருந்து பூனைக்குப் போட்டோமே, பூனைகூட யோசிச்சுத்தானே தின்னுச்சு.

"நீங்க எடுத்துக்குங்க"ன்னேன். "ஐயோ, நீங்க எடுத்துக்குங்க"ன்னா. இரண்டாவது ஒயின் வந்துச்சு, மூணாவதும் வந்துச்சு. "ஒப்துலியா, என்னைக்..."னு ஆரம்பிச்சா, "இதை எடுத்துக்குங்க"ன்னுதான் வாயில வருது. பக்கத்துல நின்னவன், "யோவ் ஹசிந்தோ, அதுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பேர் வைக்கப் போறியா?"ங்கிறான். "எனக்குத் தட்டு வேணும்யா!"னு ஃபெர்மின் கத்தறான். நாற்பது நிமிஷம் அக்கா. முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு ரயிலைக்கூட நான் அவ்வளவு நேரம் நிறுத்தி வச்சதில்லை.

அப்ப அவ கைப்பையைக் கீழே வச்சா. என்னை நேரா பார்த்தா. குத்தி எடுக்கிற பல்குச்சிகூட இல்லாம வெறுங்கையால எடுத்தா. ரெண்டே கடி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. நம்ம பரம்பரையே பயந்து செத்த ஒண்ணை இவ மென்னு முழுங்கிட்டாளே! "என்னைக் கட்டிக்குவீங்களா?"ன்னு என் வாய் தானா கேட்டுடுச்சு. "இருங்க, கையைத் துடைச்சுக்கறேன்"னா. துடைச்சா, காகிதத்தைக் கீழே போட்டா, "சரி"ன்னா.

வெட்கத்தையே விழுங்கியவள் நம் குடும்பத்துக்கு வருகிறாள். நீங்கள் எழுந்து நின்று வரவேற்க வேண்டும்.

அத்தானுக்கு என் அன்பு, அவர் இருமலுக்கு என் அனுதாபம்.

தங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்,
ஹசிந்தோ

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் ஒப்துலியா போன் பண்ணினாள். அவளுடைய தைரியத்தைப் புகழ்ந்தேன். "என்ன தைரியம்? பேச்சு சுவாரஸ்யத்துல நீங்க நாலு தின்னீங்க, எனக்கு ரெண்டுதான் கிடைச்சுது. அது என் பங்கு. நாற்பது நிமிஷம் பொறுத்தேன், ஆறியே போச்சு" என்றாள். ஆக, ஆளுக்கு மூன்று போக மிஞ்சிய வெட்கத் துண்டை முதலிலேயே தின்றவன் நான்தான் அக்கா. அது தெரிந்தும் "சரி" என்றிருக்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். எழுந்து நிற்பதை மட்டும் அடிக்க வேண்டாம்.