ஒரு பல்புதானுங்க சார்

முப்பத்தைந்து வருடம் மின்துறையில் குப்பை கொட்டிய எனக்கு, ஒரு வீட்டில் என்னென்ன மின்சாரத்தில் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள அறுபத்திரண்டு வயதும், ஒரு சான்றிதழும், சித்தேரி மலையில் ஒரு மாலைப் பொழுதும் தேவைப்பட்டன.

ஓய்வு பெற்றதும் கணினிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். சூரியத் தகடு, காற்றாலை, பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் எல்லாவற்றையும் கலந்து ஒரு சிற்றூருக்கு மட்டும் தனி மின்சாரம் வடிவமைக்கும் படிப்பு. ஊரின் வெயில், காற்று, வீடுகளின் மின்தேவை மூன்றையும் கொடுத்தால், மென்பொருள் ஆயிரம் விதமாகக் கலந்து பார்த்து, சிக்கனமானதை முதல் வரியில் வைக்கும். (நான் வேலை பார்த்த இடத்தில் எந்தக் கோப்பும் இந்த வேகத்தில் நகர்ந்ததில்லை.)

ஓர் அறக்கட்டளை என்னை நம்பிப் பதினான்கு வீடு கொண்ட மலையூரைக் கொடுத்தது. மழைக்காலத்தில் கம்பிமேல் மரம் விழுந்தால் அங்கே மூன்று நாள் கரண்ட் இருக்காது. நிபந்தனை ஒன்றுதான். சோதனைக்காகச் சிறிதாக அமைத்து, ஒரு மாலை முழுவதும் வீடுகளுக்குத் தடங்கலின்றி ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் மகளிர் குழு கேட்டிருந்த சாமை மில்லுக்கும் சேர்த்துப் பெரிதாக்கித் தருவார்கள். ஓடாவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். குழுத் தலைவி மாதம்மாவும் மற்ற பெண்களும் அதுவரை சாமை மூட்டையை பஸ்ஸில் ஏற்றி அரூருக்குப் போய் அரைத்து வந்தார்கள்.

கணக்கெடுக்க நானே போனேன். சட்டைப் பையில் டெஸ்டர், கையில் பழைய ஆபீஸ் நோட்டு, மும்மூன்று பிரதியாகப் படிவம்.

"வீட்ல என்னென்னம்மா இருக்கு?"

"ஒரு பல்புதானுங்க சார்," என்றார் மாதம்மா.

"ஃபேன்?"

"மலைக்காத்து இருக்குதுங்களே."

"டிவி?"

"அதெல்லாம் பாக்க எங்களுக்கு ஏதுங்க நேரம்."

பதினான்கு வீட்டிலும் இதே பதில். கூரைகளின்மேல் ஒன்பது டிஷ் ஆன்டெனா இருந்தன. படிவத்தில் கூரைக்குக் கட்டம் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மென்பொருள் மகிழ்ந்துபோனது. காற்றாலை வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம், நாலு தகடும் ஒரு பேட்டரியும் போதும் என்றது. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஒரு ஊருக்கு நாலு தகடா? திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே பதில். தவறான கணக்கை எத்தனை முறை ஓட்டினாலும் அது தவறாமல் அதே விடையைத் தரும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

சோதனை நாள். மலைப்பாதையில் பஸ் திரும்பிய ஒவ்வொரு வளைவிலும் எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. மாலை ஆறரைக்கு மெயின் லைனைத் துண்டித்து, ஊரை என் அமைப்புக்கு மாற்றினோம். பதினான்கு பல்பும் எரிந்தன. பெண்கள் கை தட்டினார்கள். அத்தோடு நின்றிருக்கலாம். அறக்கட்டளை அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"இது உங்க சொந்தக் கரண்ட். எதை வேணாலும் போட்டுக்கலாம். யாரும் கேஸ் போட மாட்டாங்க."

பிறகு கட்டிலுக்கடியிலிருந்தும் துணி மூட்டைக்குள்ளிருந்தும் ஊர் வெளியே வந்தது. ஒரு வீட்டில் சீரியல் மாமியார் அழுதார். இன்னொரு வீட்டில் மிக்ஸி அலறியது. எங்கோ கிரைண்டர் உருண்டது. அந்தக் குளிருக்கு யாரோ வெந்நீர் ராடை வாளிக்குள் இறக்கினார்கள். இன்வெர்ட்டர் நாலு முறை கூவி உயிரை விட்டது. ஊரே இருட்டு.

"உங்க கணக்குல ராடு இல்லையே சார்?" என்றார் அதிகாரி.

"கையெழுத்து இருக்கு," என்று நான் டார்ச் வெளிச்சத்தில் படிவங்களை நீட்டினேன். (மூன்று பிரதியையும்.)

அவர் படிவத்தைப் பார்க்கவில்லை. ஆட்களிடம் தகடுகளைக் கழற்றச் சொன்னார். மாதம்மா குறுக்கே வந்து நின்றார்.

"கழட்டாதீங்க சார். பொய் சொன்னது நாங்கதான். குடிசைக்குக் குடுக்கற இலவசக் கரண்ட்ல ஒரு பல்புக்கு மேல போடக்கூடாதுன்னு, முந்தி ஒருக்கா எங்க வூட்டு டிவிக்கு நோட்டீஸ் குடுத்தாங்க. குடுத்தது இதோ, இந்த சாருதான். அவரே நோட்டோட வந்து நின்னா உண்மைய எப்படிங்க சொல்றது?"

எனக்கு அது நினைவில்லை. நோட்டீஸ் கொடுத்தவனுக்கு எப்படி நினைவிருக்கும்? வாங்கியவருக்கு என் நோட்டுகூட நினைவிருந்தது.

"இன்னொருக்கா கேக்கச் சொல்லுங்க, எல்லாம் சொல்றோம்," என்றவர், என்னைப் பார்த்துவிட்டுச் சேர்த்தார், "ஆனா இவரு வேணாமுங்க."

அதிகாரி ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். என் மனைவி சரோஜா படிவமில்லாமல் போனாள். தின்னக் கொடுத்ததைத் தின்றாள், டீ குடித்தாள், மிக்ஸியில் எந்த பிளேடு போகும் என்பது வரை தெரிந்துகொண்டு, ஒரு படி சாமையோடு திரும்பினாள். புதிய கணக்கில் மென்பொருள் காற்றாலையும் கேட்டது, ஜெனரேட்டரும் கேட்டது. இரண்டாவது சோதனையில் ராடு உட்பட எல்லாம் ஓடியது. நான் மட்டும் ஒரு மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது வெயில் ஏறியதும் அங்கே சாமை மில் ஓடுகிறது.

எங்கள் வீட்டில் ஓடுவது வேறு. பகல் பன்னிரண்டு மணிக்கு, "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்பேன்.

"ஒரு ரசந்தானுங்க சார்," என்பாள் சரோஜா.

நான் எழுதிக்கொள்வதில்லை. நேரே போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்க்கிறேன்.