கடைசி வரிசைச் சிங்கம்

வருஷம் தவறாமல் புயல் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும் கடலூர் மாவட்டத்தில், மக்களின் துணிச்சலை இத்தனை காலமாக யாரும் முறைப்படி அளந்து பார்க்கவில்லை என்பது மனித குலத்துக்கே தலைகுனிவு. அந்தத் தலையைக் கடலூர் நகரத்துச் செம்மண்டலத்தில் இருந்தபடியே நிமிர்த்தியது ‘துணிச்சல் மனை முதலீட்டு ஆலோசனை மையம்’. மனை வாங்க வருகிறவருக்கு எவ்வளவு ரிஸ்க் தாங்கும் என்பதை ‘அறிவியல்பூர்வமாக’க் கண்டறிந்த பிறகே அங்கே இடம் காட்டுவார்கள். அறிவியல் என்பது ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின்.

கையில் பட்டையைக் கட்டிவிட்டு, விலையைச் சத்தமாகப் படிப்பார்கள். அழுத்தம் எகிறினால் நீங்கள் ‘முயல்’. கொஞ்சம் அசைந்தால் ‘குதிரை’. அசையவே இல்லையா? ‘சிங்கம்’.

கருவூலத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கொளஞ்சியப்பன், சித்திரை வெயிலிலும் மழைக்கென்று குடை எடுத்துப் போகிறவர். கையெழுத்துப் போட்டால், அது தன் கையெழுத்துதானா என்று மறுபடி ஒருமுறை சரிபார்ப்பவர். ஓய்வின்போது கைக்கு வந்த பதினெட்டு லட்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எட்டு மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தார். அவர் கையிலும் பட்டை ஏறியது.

தலைமை இடர் ஆலோசகர் செந்தமிழ்செல்வன் அவர் காதருகே குனிந்து, “பதினெட்டு லட்சம்!” என்று முழங்கினார். மெஷின் முனகிவிட்டு அடங்கியது. நூற்றுப் பத்து, எழுபது.

“சார், சிங்கம் சார் நீங்க!” ஆலோசகர் எழுந்தே நின்றுவிட்டார். “என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு ரீடிங் பாத்ததில்ல!”

பக்கத்திலிருந்த மனைவி மலர்க்கொடி மெதுவாகக் கேட்டார். “என்னாங்க, காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன். போட்டனா இல்லியான்னு சந்தேகமா இருந்திச்சு. இன்னொண்ணும் போட்டேன்.”

“அதான பாத்தேன், சிங்கம் தூங்கி வழியுதேன்னு.”

கொளஞ்சியப்பன் காதில் அது ஏறவில்லை. அறுபது வருஷத்தில் அவரை எந்த மிருகத்தோடும் யாரும் நல்லவிதமாக ஒப்பிட்டதில்லை.

அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமையே, பன்னிரண்டு பேரோடும் பன்னிரண்டு பிரியாணிப் பொட்டலத்தோடும், ஆலோசகரையும் அவர் மெஷினையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஏசி வேன் ‘சிதம்பரம் வெஸ்ட் எலைட் சிட்டி’க்குக் கிளம்பியது. போய் இறங்கினால், வெடித்த மண்ணில் வரிசை வரிசையாகக் கலர் கொடிகள். ரோட்டோரம் மேட்டில் தொடங்கிய வரிசைகள், உள்ளே போகப் போகப் பள்ளத்தில் இறங்கின.

“முன்னாடி முயல்களுக்கு சார். விலை ஜாஸ்தி, லாபம் கம்மி. நடுவுல குதிரைங்க. கடைசி வரிசைய உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கோம். அஞ்சே வருஷத்துல நாலு மடங்கு!” என்றார் ஆலோசகர்.

கொளஞ்சியப்பன் பேனாவைத் திறந்தார். குடையை வேனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நிலைமை அவ்வளவு முற்றியிருந்தது.

மலர்க்கொடி சுற்றுமுற்றும் பார்த்தார். “தம்பி, இது கீரப்பாளையம்ல?”

“சிதம்பரம் வெஸ்ட்டும்மா.”

“நான் பொறந்த ஊரு தம்பி. அதோ அந்த மதகுல உக்காந்துதான் எங்க சித்தப்பா கார்த்திகை மாசம் தூண்டி போடுவாரு. மீனு மாட்டுறது இங்கதான், நீங்க கொடி நட்டிருக்கீங்களே, இதே எடம்.”

பேனா நின்றது. ஆனால் சிங்கம் விடவில்லை. “மலரு, ரிஸ்க் எடுத்தாதான் முன்னேற முடியும்.”

“எடுங்களேன், யாரு வேணான்னா? அதுக்கு முன்னாடி அந்த மெஷின தம்பி கையில ஒரு வாட்டி கட்டிப் பாத்துருவோம்.”

முயல்களும் குதிரைகளும் கூடிவிட்டதால் ஆலோசகரால் மறுக்க முடியவில்லை. தினமும் புருஷனுக்குக் கட்டிப் பழகிய கை. மலர்க்கொடி நொடியில் பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தி, அன்பாகக் கேட்டார்.

“ஐப்பசி, கார்த்திகையில இங்க தண்ணி எவ்ளோ நிக்கும் தம்பி?”

“நி... நிக்கவே நிக்காதும்மா.”

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

கருவூலத்து ஆளுக்கு அப்போதுதான் தூக்கம் கலைந்தது. “நீங்க எந்த வரிசையில வாங்கியிருக்கீங்க?”

“நான் வாடகை வீட்டுல இருக்கன் சார்.”

“ஏன்?”

“நமக்கு ரிஸ்க்கெல்லாம் ஆவாது சார்.”

கொளஞ்சியப்பன் பேனாவை மூடினார். மூடியதைச் சரிபார்த்தார். வேனுக்குப் போய்க் குடையை எடுத்துக்கொண்டார்; பிரியாணியையும்தான்.

“மொதல்ல ஒரு நல்ல டாக்டரப் பாருங்க தம்பி,” என்றார் மலர்க்கொடி, உண்மையான கவலையோடு.

மையத்தின் சுறுசுறுப்பைப் பாராட்டியே ஆகவேண்டும். மறுநாள் காலையிலேயே அவசரக் கூட்டம் கூட்டி, நடந்ததைத் தீர விசாரித்து, நடவடிக்கையும் எடுத்துவிட்டார்கள். கடைசி வரிசை அப்படியே விற்பனைக்கு இருக்கிறது. செந்தமிழ்செல்வனுக்குச் சம்பள உயர்வு. அந்த அலுவலகத்தில் உண்மை பேசிய ஒரே ஊழியரைத்தான் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். பாவம் அந்த மெஷின், அதற்கு நோட்டீஸ்கூடக் கொடுக்கவில்லை.