பெஞ்சு என்ன ஜாதி?

"உடம்பு ஒரு நாயோடது, காலு இன்னொரு நாயோடது. மிச்சம் மீதியில தைச்சாங்களா?"

லிஃப்டில் மேல்மாடிக்காரர் இப்படிக் கேட்டதும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு உச்சந்தலை கொதித்தது. தினம் ஒரு நக்கல். நீள உடம்பு, குட்டைக் கால், ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது தொங்கி. பார்த்த மாத்திரத்தில் மனைவி அதற்கு 'பெஞ்சு' என்று பேர் வைத்துவிட்டாள். அது வீட்டுக்குள் செல்லம். கண்டவரும் பேச அது என்ன பொதுச்சொத்தா? இந்த மனிதர் மட்டும் வெள்ளைப் பஞ்சு மூட்டை போல ஒரு நாயை இடுப்பில் சுமந்துகொண்டு, தன்னையும் அதையும் ஒரே ராஜவம்சம் என்று நினைத்துக்கொள்வார்.

"தெருநாயெல்லாம் படியில போகலாமே" என்றார் மேல்மாடிக்காரர்.

"தெருநாயா? இது வெல்டோரினோ ஜாதி சார். உலகத்துலயே நூறு தேறாது."

பகலெல்லாம் கண்ணில் பட்ட ஏதோ ஒரு பெயர் வாயில் வந்து விழுந்தது. எங்கே பார்த்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. தெரிந்தால் சிரித்தே மானத்தை வாங்கிவிடுவாள்.

மறுநாளிலிருந்து பெஞ்சுக்கு ராஜமரியாதை. மேல்மாடிக்காரரே லிஃப்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். அதோடு விட்டாரா? நம் கட்டடத்தில் வெல்டோரினோ இருக்கிறது என்று படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் படத்தோடு கால்நடை அதிகாரி வந்து நின்றார். வெளிநாட்டு நாய் என்றால் இறக்குமதிச் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்றார்.

கடைக்காரர் நாயைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். கசாப்புக்கடை வாசலில் கிடந்த குட்டி, பேர் நானாக விட்ட கதை என்று உண்மையைக் கொட்டினார். மாட்டிக்கொண்ட எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள் என்றார் அதிகாரி.

கடைக்காரர் ஒரே ஓட்டமாக ஓடி மேல்மாடிக்காரரை இழுத்து வந்தார். "சார், தினம் சொல்வீங்களே, அதை இவர்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க."

"நானா? அபாண்டம்" என்றார் மேல்மாடிக்காரர். "முகத்துல என்ன களை பாருங்க. பரம்பரை ரத்தம் சார், பொய் சொல்லுமா?"

படுபாவி. வேண்டாதபோது வாய் கிழியப் பேசிவிட்டு, வேண்டும்போது இப்படியா?

வேறு வழியின்றிக் கடைக்காரரே ஆரம்பித்தார். காலைச் சொன்னார், காதைச் சொன்னார், மிச்சம் மீதியில் தைத்ததைச் சொன்னார். பெஞ்சு அவரையே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த வாலைப் பார்த்தபோது தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி சரிந்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நாயின் கயிற்றுக்குக் கை நீட்டினார்.

கடையைப் பெருக்கிவிட்டு மனைவி அப்போதுதான் திரும்பி வந்தாள். என்ன கலாட்டா என்று கேட்டாள். வெல்டோரினோ என்னும் அரியவகை நாயைப் பிடிக்க வந்திருப்பதாக அதிகாரி விறைப்பாகச் சொன்னார்.

அவள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதிகாரியின் காதோரம் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"அந்த ஜாதி உங்க மூக்கு மேலயே உக்காந்திருக்கு சார். கண்ணாடிக் காம்புல பேர் போட்டிருக்கு பாருங்க, போன வாரம் எங்க கடையில நான்தான் துடைச்சுக் குடுத்தேன்."