ஒரே ஒரு சுற்று

எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே பழைய விமானம் மூக்கில்லாமல் நின்றது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது ஒத்து வராது போலிருக்கே" என்றார் கணவர்.

மனைவிக்குப் பகீரென்றது. "ஏங்க, இப்ப என்ன?"

"பழைய எஞ்சினுக்கு நாலு கால். இது ரேடியல் எஞ்சின். அஞ்சு சிலிண்டரும் வட்டமா நிக்குது பார், பின்னாடி வெறும் வளையம்தான். நாலு காலையும் வளையத்தையும் எப்படிச் சேர்க்கறது?"

"கழுத்து சேரலைன்னா நடுவுல பட்டி வெச்சுத் தைக்கணும். அவ்வளவுதானே?"

அவள் தையல்காரி. சட்டை, சீருடை, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பாள். கடை வைக்க அவளுக்கு இருந்த ஒரே இடம் வீட்டு முற்றத்தை ஒட்டிய இந்த ஷெட். அதில்தான், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மற்றவர்களுக்கு ஆபத்தைக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் அவள் கணவர், துணி போர்த்திய இறக்கைகளோடு ஒரு பழைய இரண்டு சீட் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பழைய எஞ்சின் வழியிலேயே உயிரை விட்டிருந்தது. இறக்கைகள் படுக்கையறையில், தையல் மிஷின் ஹாலில். அளவு கொடுக்க வந்தவர்கள் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி நின்று கொடுத்தார்கள்.

அவர் வாக்கு மட்டும் தெளிவாகக் கொடுத்திருந்தார். "இதுல ஏறி ஒரே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். மறுநாளே விமானத்தை ஃப்ளையிங் கிளப்புல விட்டுடுவேன். ஷெட் உனக்கு."

அதனால் உலகத்திலேயே அந்த விமானம் பறக்கவேண்டும் என்று அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான்.

பட்டறைக்காரரைக் கையோடு அழைத்துவந்தாள். அவர் அளவெடுத்து, வளையத்தையும் நாலு காலையும் சேர்க்கிற மாதிரி ஒரு இரும்புச் சட்டம் செய்து கொடுத்தார். எஞ்சின் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் மூக்கு ஒரு முழம் நீண்டுவிட்டது. ஷெட் கதவு மூடவில்லை. திறந்த ஷெட்டில் சாமான்கள் களவு போகுமே என்று ஸ்பேனர் பெட்டிகள் எல்லாம் ஹாலுக்கு வந்தன. அவள் மிஷின் ஜன்னலோரம் ஒதுங்கியது.

"இப்ப எஞ்சின் மூடி சேரலை" என்றார் கணவர் அடுத்த வாரம். "சிலிண்டர் தலை அஞ்சும் வெளிய முட்டுது."

"முட்டுற இடத்துல புடைப்பு வெச்சா?"

"வெக்கலாம். குழிவா தகடு வேணும். கிடைக்கறது கஷ்டம்" என்று பெருமூச்சு விட்டார்.

அவள் சமையலறைக்குப் போய் ஐந்து எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்ணங்கள் மூடியில் ஏறின. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் தட்டிலேயே சூப் குடித்தார்கள்.

ஷெட்டில் பல்பு ஃபியூஸ் ஆனது. "கையெல்லாம் ஆயில்" என்று அவர் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். மீசை நரைத்த எலெக்ட்ரீஷியன் வந்து, மாற்றிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அந்த வீட்டுக்கு அவர் பழைய ஆள். அவளைத் தங்கச்சி என்பார், அந்த உரிமையில் அவள் கணவரை மாப்பிள்ளை என்பார்.

எடை போட்டுப் பார்த்ததில் மூக்கு கனத்தது.

"கிண்ணம் எல்லாம் வேற ஏறிடுச்சா..." என்று இழுத்தார் கணவர்.

"கிண்ணத்தைக் குத்தம் சொல்லாதீங்க. பின்னாடி எதையாவது வைங்க."

"பேட்டரியை வாலுக்குக் கொண்டுபோகணும். நீள ஒயர் இழுக்கணும். இழுத்தடிக்கும்."

எலெக்ட்ரீஷியன் மறுபடி வந்தார். ஒரே மத்தியானத்தில் இழுத்துவிட்டார். கணவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிறகு எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. இறக்கை மாட்டாத விமானத்தை முற்றத்துக்குத் தள்ளி, சக்கரங்களுக்கு முன்னால் கட்டைகள் வைத்தார்கள். முன்னால் பாய்ந்துவிடக் கூடாதே என்று வாலைக் கயிற்றால் தூணில் கட்டினார்கள். கணவர் புரொப்பல்லரைச் சுண்டிவிட்டு விலகினார். எஞ்சின் இருமியது, புகைந்தது, சட்டென்று பிடித்துக்கொண்டது.

விமானம் பின்னால் போனது.

முன்னால் இருந்த கட்டைகள் தேமே என்று கிடந்தன. கயிறு தொளதொளத்தது. வால் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்து, தையல் மிஷின் மேல் போய் உட்கார்ந்தது.

"இந்த எஞ்சின் அந்தப் பக்கமா சுத்துது" என்றார் கணவர், தூசி அடங்கியதும். "நம்ம புரொப்பல்லர் இந்தப் பக்கமா சுத்தறதுக்குச் செஞ்சது."

"அப்ப கழட்டித் திருப்பி மாட்டுங்க."

திருப்பி மாட்டினார். மறுபடியும் பின்னாலேயே போனது. எப்படித் திருப்பினாலும் இடது கைச் செருப்பு வலது கைக்கு ஆகாது என்கிற மாதிரி ஏதோ சொல்ல வந்து, செருப்பைக் கையில் போடுவதில்லை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். மிச்சம் இருந்த ஜன்னலும் போயிற்று.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மிஷினின் சக்கரம் வளைந்திருந்தது. தைக்க வாங்கிய துணிகளை எப்படித் தைத்துக் கொடுப்பாள்?

"விடு. இந்த எஞ்சினே வேண்டாம். வேற தேடலாம். மெதுவா" என்றார் அவர், அவள் தோளைத் தட்டி. நிஜமான பரிவோடுதான் சொன்னார்.

"மெதுவாவா? உங்களுக்கு அந்த ஒரு சுத்து சுத்தணும்னு எவ்வளவு ஆசை! என்னால அது நின்னு போச்சுன்னு ஆகக் கூடாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். எஞ்சின் விற்றவரிடம் நேரில் போய்க் கேட்டாள். "அதுக்கு உண்டான புரொப்பல்லர் இங்கதான் கிடக்கு. சார் வேண்டாம்னுட்டாரே?" என்றார் அவர். இவருக்கு எப்போதும் மறதிதான் என்று நினைத்துக்கொண்டு அவள் அதை வாங்கிவந்தாள்.

அதற்குப் பிறகு தடையே இல்லை. பரிசோதனை அதிகாரி வந்தார், கிண்ணங்களைத் தட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கீழ்ச் சிலிண்டரில் ஆயில் சொட்டுகிறது என்று கணவர் தாமாகவே காட்டிக் கொடுத்தார். "ரேடியல்னா சொட்டத்தான் செய்யும்" என்று அதிகாரி சிரித்தார்.

கடைசியில் ஒரு காலை, புல்வெளி ஓடுதளம். இறக்கை தூக்க ஆள் வேண்டும் என்று எலெக்ட்ரீஷியனையும் அழைத்துவந்திருந்தாள். கிளப்பின் பயிற்சியாளர் முதலில் தனியாக ஏறிப் பறந்தார். ஐந்து கிண்ணங்களும் வெயிலில் மின்ன, விமானம் ஜம்மென்று எழும்பி, ஒரு வட்டம் அடித்து, பூப்போல இறங்கியது. அவள் கைதட்டினாள். அப்போதே மனசுக்குள் ஷெட்டில் மேசை போட்டு, சுவரில் கண்ணாடி மாட்டிவிட்டாள்.

"அருமை சார்! வாங்க, உங்க சுத்து" என்று பயிற்சியாளர் மறு சீட்டைக் காட்டினார்.

கணவர் அசையவில்லை. காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சாவது சிலிண்டர் சத்தம் சரியில்லை" என்றார். "ஷெட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிச்சுப் பாத்துடலாம்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்!" என்றார் பயிற்சியாளர்.

"என்னங்க இது! எல்லாம் முடிஞ்சாச்சு. ஏறுங்க" என்று அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை ஜில்லென்று வேர்த்திருந்தது. அவளுக்கே பாவமாகப் போய்விட்டது. "சந்தோஷத்துல கை கால் ஓடலை அவருக்கு" என்று எலெக்ட்ரீஷியனிடம் சொன்னாள். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன். அவர் ஒரு சுத்து சுத்தினாத்தான் ஷெட் எனக்கு வரும்."

எலெக்ட்ரீஷியன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இதையா நம்பினே? ஸ்டூல் மேல ஏறினாலே மாப்பிள்ளைக்குத் தலை சுத்துமே. கல்யாணம் ஆனதிலிருந்து உங்க வீட்டுல ஒரு பல்பு மாத்தக்கூட என்னைத்தானே கூப்பிடறாரு!"