எட்டாத குழாய்

"குழாய் சரியாத்தான்யா இருக்கு. உன் கார்தான் நீளம்" என்றான் பக்கத்து வீட்டு மெர்ல், வேலிமேல் கையை ஊன்றியபடி.

ஹார்லன் ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். பழைய ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியாகிவிட்டது. பிறந்தநாளுக்கு மனைவி நதீன் வாங்கித் தந்த காற்று இழுக்கும் புது ஏர் இன்டேக் குழாய்தான் இன்ஜினை எட்டாமல் மூன்று விரல்கடை தள்ளி நின்றது. மாட்டினால் வண்டி உறுமும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

அந்தக் காரை ஹார்லனும் தம்பி டேலும் சேர்ந்து வாங்கினார்கள். கோடையில் டேல் இறந்துபோனான். அன்றிலிருந்து கார் தார்ப்பாய்க்குள், ஹார்லன் சோபாவில்.

"குழாயைப் பிடிக்கிற அந்தத் தாங்கியைக் கொஞ்சம் வளைச்சா எட்டும்" என்று வேலியைத் தாண்டி வந்தான் மெர்ல்.

வளைத்தார்கள். எங்கோ அடியில் டிங் என்று சத்தம் கேட்டது.

"போல்ட் விழுந்துடுச்சா?"

"விழல. உள்ள இறங்கியிருக்கு."

இறங்கியதை எடுக்கச் சக்கரத்தைக் கழற்றி, அடித்தகட்டையும் பிரித்தார்கள். அதில் இரண்டு கிளிப் உடைந்தது. போல்ட் கிடைத்தது. எட்டி அதை எடுக்கும்போது ஹார்லனின் முழங்கை பட்டு, பழைய ரப்பர் ஹோஸ் ஒன்று கிழிந்தது. பச்சை நீர் மெர்லின் காலணியில் கொட்டியது.

"என்னய்யா இது?"

"கூலன்ட். சூட்டைத் தணிக்கும்."

"என் ஷூ ஒண்ணும் சூடா இல்லையே."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மேப்பிள் சருகுகள் கழற்றிய சாமான்களின்மேல் விழுந்துகொண்டிருந்தன. மெர்ல் தயங்கித்தான் கேட்டான்.

"டேல் இருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பான்?"

ஹார்லன் யோசித்தான். "'நீ எதையும் தொடாத, போய் பீர் எடுத்துட்டு வா'ம்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தப் பெயரோடு சிரிப்பும் வரும் என்பது அவனுக்கே புதிதாக இருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் டேலைப் பற்றியே பேசினார்கள்.

"சாப்பிட வர்றியா?" என்று சமையலறையிலிருந்து நதீன் குரல் கொடுத்தாள்.

"இத முடிச்சிட்டு வரேன்."

முடியவில்லை. இருட்டத் தொடங்கியபோது குழாயும் எட்டவில்லை, காரும் ஓடும் நிலையில் இல்லை. ஹார்லனுக்குக் கோபம் தலைக்கேறியது. விற்ற கடைக்கே போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள். அவன் குழாயின் எண்ணைப் படித்தான்.

"அது பிக்கப் வண்டிக்கு உள்ளது சார்."

"ஒரு நாள் பூரா இதோட மல்லுக்கட்டியிருக்கேன்மா. தப்பான சாமானைக் கொடுத்து அனுப்பினது யாரு?"

"தப்பா கொடுக்கல சார். உங்க காருக்கு உள்ளதையும் எடுத்துக் காட்டினேன். 'அது சட்டுனு மாட்டிடும், அவர் திரும்பவும் சோபாவுக்குப் போயிடுவார். பனி உருகினதும் வந்து அத வாங்கிக்கிறேன், அதுவரைக்கும் எட்டாத ஒண்ணு கொடுங்க'ன்னு உங்க வீட்டு மேடம்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."